நகர எல்லையும் ஜனத்தொகைக் கணக்கும்

ஒரு நகரத்தின் பெருமையைப் பேசப் புகுவோர் முதற்கண் எடுத்துரைப்பது அதன் ஜனத்தொகையையே ஆகும். எம் ஊர் பத்தாண்டில் இருமடங்காயிற்று என்று ஒருவர் கூற, உம்மூரினும் எம்மூர் விரைந்து வளர்ந்தது என்று மற்றொருவர் மறுத்துரைப்பது, நம்மவர் கூடும் கலியாண வீடுகளிலும் சங்கக் கூட்டங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தையே. இருவரும் சர்க்கார் வெளியிட்ட எண்களையே எடுத்துக்காட்டுவர். அவ்வெண்களில் பொய் சிறிதும் இல்லை. ஆயினும் அவற்றைக்கொண்டு அவர்கள் செய்யும் முடிவு பல சமயங்களில் பிழைபட்டுப் போகின்றது. அதற்குக் காரணம் யாது, அப்பிழையினின்று தப்பும் வழி யாது என்பவற்றை நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் விளங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜனத்தொகைக் கணக்கு என்பது யாது? ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த எல்லைக்குள் இருக்கும் மக்களை எண்ணிக் கூறுவதே அது. எண்ணுவோர் நகரத்தை எண்ணுவதில்லை. எல்லைக்குள் அகப்பட்ட மக்களையே எண்ணுகின்றனர். அந்த எல்லையோ மலையும் ஆறும் போல் இயற்கையில் அமைந்ததன்று. வரி விதிப்பதற்கும், குடிநீர் வழங்குவதற்கும், தெருவிளக்கு ஏற்றுவதற்கும், குப்பை அகற்றுவதற்கும் வசதியாக அரசாங்கத்தார் வகுத்த கோடு அது. வீடுகள் கோட்டைத் தாண்டிப் பெருகியபோது கோடு அப்பால் நகர்த்தப்படும். நகர்ந்த பின் எடுக்கும் கணக்கையும், நகர்வதற்கு முன் எடுத்த கணக்கையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, ஊர் இவ்வளவு வளர்ந்தது என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

ஒரு காணி நிலத்தில் இருபது கலம் நெல் கண்ட குடியானவன், மறுவருஷம் பக்கத்து இரண்டு காணியையும் வாங்கிச் சேர்த்து மூன்று காணியிலும் ஐம்பது கலம் கண்டானென்று வைத்துக்கொள்வோம். தன் நிலத்தின் விளைவு இரண்டரை மடங்காயிற்று என்று அவன் மகிழமாட்டான். காணிக்குக் கண்டுமுதல் குறைந்துவிட்டது என்றே உணர்ந்து காரணம் தேடுவான். எழுத்தறியாத குடியானவனுக்கும் புலப்படும் இவ்வுண்மை, நகரங்களைப்பற்றிப் பேசும்போது கற்றறிந்தோர்க்கும் மறந்துபோவது வியப்பே.

நாம் நன்கறிந்த சென்னை மாநகரையே முதல் உதாரணமாகக் கொள்வோம். சென்னை ராஜதானியில் 1871-ஆம் வருஷம் எடுத்த கணக்கின்படி நகரத்தில் இருந்தோர் 3,97,552 பேர். 1881-இல் அத்தொகை 4,05,848 ஆகவும், 1891-இல் 4,52,518 ஆகவும், 1901-இல் 5,09,346 ஆகவும் இருந்தது. அக்காலத்து நகரத்தின் விஸ்தீரணம் சுமார் 27 சதுர மைல். இந்த முப்பது ஆண்டுகளில் எல்லையில் பெரிய மாறுதல் ஒன்றும் நேராமையால் இந்நான்கு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஒப்பிட்டால் அவை நமக்கு ஒரு சரித்திரத்தைக் கூறும். முதற் பத்தாண்டில் கூடியவர் 8,296 பேர் மட்டுமே. அஃதாவது நூற்றுக்கு இரண்டு வீதம். அடுத்த பத்தாண்டில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேலும், அதற்கடுத்த பத்தாண்டில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேலும் கூடினர். முதற் பத்தாண்டு ஏன் இவ்வாறு தேங்கி நின்றது? 1876 முதல் 1878 வரை நாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் அப்பத்தாண்டில்தான் நேர்ந்தது. எல்லை நிலைபெற்றிருந்தமையால் அன்றோ அப்பெருந்துன்பத்தின் சுவடு கணக்கில் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது!

இனி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வருவோம். 1931-இல் சென்னையின் ஜனத்தொகை சுமார் 6 லட்சத்து 47 ஆயிரம். 1941-இல் 7,77,481. 1951-இல் 14,16,056. 1961-இல் 17,29,141. முதற் பத்தாண்டின் வளர்ச்சி நூற்றுக்கு 20 வீதம். இறுதிப் பத்தாண்டின் வளர்ச்சி நூற்றுக்கு 22 வீதம். இவற்றிற்கு இடைப்பட்ட 1941 முதல் 1951 வரையுள்ள பத்தாண்டிலோ நூற்றுக்கு 82 வீதம். முன்னும் பின்னும் சீராக நடந்த ஒருவன் நடுவில் மட்டும் குதிரையைப்போல் பாய்ந்தான் என்றால், அவன் ஏதேனும் வண்டியில் ஏறினானா என்று விசாரிக்க வேண்டும் அல்லவா?

விசாரித்தால் விஷயம் வெளிப்படும். 1946-ஆம் வருஷம் சைதாப்பேட்டை முனிசிபாலிடியும், செம்பியம் முதலிய பஞ்சாயத்துப் பகுதிகளும் சென்னைக் கார்ப்பரேஷன் எல்லைக்குள் சேர்க்கப்பட்டன. நகரத்தின் விஸ்தீரணம் சுமார் 50 சதுர மைலாயிற்று. சைதாப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர், தம் திண்ணையை விட்டு ஓரடியும் நகராமலே சென்னை நகரவாசிகள் ஆயினர். 1941-ஆம் வருஷக் கணக்கில் அவர் சென்னையில் இல்லை. 1951-ஆம் வருஷக் கணக்கில் இருந்தனர்.

ஆயினும் பெருக்கம் முழுவதையும் எல்லையின் தலையில் சுமத்துவதும் நீதியன்று. யுத்த காலமும் அதனை அடுத்த வருஷங்களும் நகரத்திற்கு மெய்யாகவே பெருங்கூட்டத்தைக் கொணர்ந்தன. 1942-இல் பர்மாவினின்று உயிர் பிழைத்து மீண்டோர், கிராமங்களில் பிழைப்பின்றி வேலை தேடி வந்தோர், நகரத்திலேயே பிறந்த குழந்தைகள் எனப் பலரும் அக்கணக்கில் உளர். ஆகவே நூற்றுக்கு 82 என்ற எண்ணுக்குள் புதிதாக வந்த மக்களும், புதிதாகச் சேர்ந்த மண்ணும் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. பாலையும் நீரையும் பிரிப்பதுபோல் அவற்றைப் பிரித்தறியாமல், சென்னை பத்தாண்டில் ஏறத்தாழ இருமடங்காயிற்று என்று எழுதிவிடுவது சரித்திரம் ஆகாது.

அங்ஙனம் பிரிப்பது கூடுமோ என்று சிலர் ஐயுறலாம். கூடும் என்பதற்கு 1978-ஆம் வருஷ எல்லை மாற்றமே சான்று. அவ்வருஷம் திருவான்மியூர், வேளச்சேரி, விருகம்பாக்கம், கோயம்பேடு, கொளத்தூர், கொடுங்கையூர் முதலிய ஊர்கள் நகரத்தோடு சேர்ந்தன. விஸ்தீரணம் சுமார் 67 சதுர மைல், அஃதாவது 174 சதுர கிலோமீட்டர் அளவிற்கு உயர்ந்தது. 1971-ஆம் வருஷக் கணக்கின்படி சென்னை நகரத்தின் ஜனத்தொகை 24,69,449. 1981-இல் அது சுமார் 32 லட்சத்து 80 ஆயிரம். இவ்விரண்டையும் நேரே ஒப்பிட்டால் வளர்ச்சி நூற்றுக்கு 33 வீதம் எனத் தோன்றும். ஆனால் புதிய எல்லைக்குள் அடங்கிய ஊர்களில் 1971-இல் இருந்தோரையும் கூட்டிப் பார்த்தால், அவ்வருஷத்து ஜனத்தொகை சுமார் 26 லட்சத்து 40 ஆயிரம் ஆகின்றது. அதனை அடியாகக் கொண்டால் வளர்ச்சி நூற்றுக்கு 24 வீதமே. 1971 என்னும் ஒரே வருஷத்திற்கு இரண்டு எண்கள், இரண்டும் மெய். ஒன்று பழைய எல்லைக்குரியது, மற்றொன்று புதிய எல்லைக்குரியது. எந்த எண்ணை எதனோடு சேர்க்க வேண்டும் என்பதை அறிந்தவனே கணக்கை அறிந்தவன்.

2011-ஆம் வருஷத்தில் நேர்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அவ்வருஷம் மார்ச்சு மாதத்தை ஒட்டி எடுத்த கணக்கில் சென்னையின் ஜனத்தொகை 46,46,732. 2001-இல் இருந்தது 43,43,645. வளர்ச்சி நூற்றுக்கு ஏழு வீதம்கூட நிரம்பவில்லை. அதே காலத்தில் தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு 15 வீதத்திற்கு மேல் வளர்ந்திருந்தது. இதனைக் கண்டு, சென்னை தளர்ந்துவிட்டது, மக்கள் நகரத்தை வெறுக்கத் தொடங்கினர் என்று பேசியோரும் உண்டு. எல்லைக்கு வெளியே பார்த்திருந்தால் அங்ஙனம் பேசியிரார். சென்னையை அடுத்த காஞ்சிபுரம் ஜில்லா அப்பத்தாண்டில் 28,77,468 பேரிலிருந்து 39,98,252 பேராகவும், திருவள்ளூர் ஜில்லா 27,54,756 பேரிலிருந்து 37,28,104 பேராகவும் பெருகின. முன்னது நூற்றுக்கு 39 வீதம்; பின்னது நூற்றுக்கு 35 வீதம். நகரம் தளரவில்லை. நகரம் கோட்டைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது; கோடு மட்டும் 1978-இல் நின்ற இடத்திலேயே நின்றது.

அக்கணக்கு முடிந்து சில மாதங்களுக்குப் பின், அதே 2011-ஆம் வருஷம் அக்டோபரில், கோடும் நகர்ந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம் உள்ளிட்ட 9 முனிசிபாலிடிகளும், 8 பேரூராட்சிகளும், 25 கிராமப் பஞ்சாயத்துகளும் கார்ப்பரேஷனோடு இணைக்கப்பட்டன. விஸ்தீரணம் 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. அஃதாவது முன்னிருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இப்புதிய எல்லைக்குள் 2011-ஆம் வருஷக் கணக்கின்படி இருந்தோர் 66 லட்சத்திற்கு மேற்பட்டவர். எனவே அவ்வருஷத்திற்கும் சென்னைக்கு இரண்டு எண்கள் உள்ளன.

இதில் மற்றொரு வினோதத்தையும் நம் வாசகர் நோக்குதல் வேண்டும். பழைய எல்லையின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,700 பேர் வசித்தனர். புதிய எல்லையின்படி கணக்கிட்டால் அவ்வெண் சுமார் 15,600 ஆகக் குறைகின்றது. திருவல்லிக்கேணியிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஒரு வீடாவது காலியாயிற்றா? இல்லை. சந்துகளில் நெருக்கம் சற்றேனும் தணிந்ததா? அதுவும் இல்லை. ஆயினும் நகரத்தின் ஜன நெருக்கம் பெரிதும் குறைந்துவிட்டதாக ஒரு பட்டியல் கூறும். அப்பட்டியலை நம்பி, இனி நெருக்கம் இல்லை என்று குழாயையும் சாக்கடையையும் சுருக்கினால், அல்லற்படுவோர் அச்சந்துகளில் வாழ்வோரே ஆவர்.

சென்னையை விட்டுத் தென்பாண்டி நாட்டிற்குச் சென்றாலும் இதே நிலையைக் காண்கின்றோம். 1991-ஆம் வருஷக் கணக்கில் திருநெல்வேலி நகரத்தில் இருந்தோர் சுமார் 1 லட்சத்து 36 ஆயிரம் பேர். 2001-இல் அத்தொகை சுமார் 4 லட்சத்து 11 ஆயிரம். பத்தாண்டில் மும்மடங்கு! தாமிரபரணிக் கரையில் பொன் விளைந்ததோ என்று அயலூரார் வியக்கக்கூடும். நடந்தது இதுவே: 1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்னும் மூன்று முனிசிபாலிடிகளையும் தச்சநல்லூர்ப் பேரூராட்சியையும் ஒன்றாக்கித் திருநெல்வேலிக் கார்ப்பரேஷன் அமைத்தனர். ஆற்றின் இக்கரையும் அக்கரையும் ஒரே பெயரின்கீழ் வந்தன. 1991 வரை தனி ஊராக எண்ணப்பட்டு வந்த பாளையங்கோட்டை, பின்னர்த் தனி நகரங்களின் வரிசையில் இடம்பெறவில்லை. கல்லூரிகளாலும் பள்ளிகளாலும் புகழ்பெற்ற அவ்வூர் எங்கும் போய்விடவில்லை. அதன் தெருக்களும் கோயில்களும் இருந்தவாறே இருக்கின்றன. பட்டியலை மட்டும் பார்த்துச் சரித்திரம் எழுதும் பிற்காலத்தவன், பாளையங்கோட்டை என்றோர் ஊர் அழிந்துபட்டது என்று எழுதினாலும் எழுதுவான்.

இது நம் நாட்டிற்கே உரியதென்று கருதற்க. அமெரிக்காவின் நியூயார்க் நகரம் 1890-ஆம் வருஷக் கணக்கில் 15,15,301 மக்களை உடையதாயிருந்தது. 1900-இல் அதன் ஜனத்தொகை 34,37,202. இடையே 1898-இல், அதுவரை 8 லட்சத்திற்கு மேற்பட்ட மக்களோடு தனி நகரமாக விளங்கிய புரூக்ளினும், குயின்ஸ், ஸ்டாட்டன் தீவு முதலிய பகுதிகளும் நியூயார்க்கோடு ஒன்றாயின. ஒன்றான அந்தப் பகுதிகள் அனைத்திலும் 1890-இல் இருந்தோரைக் கூட்டினால் 25 லட்சம் வரும். மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்கு வளர்ச்சி நூற்றுக்கு 127 வீதம். ஒரே மண்ணை ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு நூற்றுக்கு 37 வீதம். கடல் கடந்த அந்நகரத்திலும் கணக்கின் இயல்பு ஒன்றே.

இவையெல்லாம் கற்றோர் பொழுதுபோக்கும் கணக்கு விளையாட்டு. நமக்கு இதனால் ஆவதென்ன என்று நம்மவருட் சிலர் கேட்கக்கூடும். ஆவது பல. மூன்றை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, சம்பளம் பெறும் குடும்பங்களைப்பற்றியது. மத்திய அரசாங்க உத்தியோகஸ்தர்க்கு வீட்டு வாடகைப்படி வழங்க 2008-இல் நகரங்களை வகுத்தபோது, 50 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை உள்ளவை 'எக்ஸ்' என்னும் முதல் வகுப்பில் வைக்கப்பட்டன. 2001-ஆம் வருஷக் கணக்கில் கார்ப்பரேஷன் எல்லைக்குள் சென்னையில் இருந்தோர் 43 லட்சம் பேரே. அந்த எல்லையை மட்டும் நோக்கியிருந்தால் சென்னைக்கு முதல் வகுப்புக் கிட்டியிராது. ஆனால் நகரத்தையும் அதனோடு ஒட்டி வளர்ந்த ஊர்களையும் ஒரு தொகுதியாகக் கொள்ளும் முறையொன்று 1971-ஆம் வருஷக் கணக்கு முதல் நடைமுறையில் இருந்தது. அத்தொகுதியின்படி 2001-இல் சென்னையின் ஜனத்தொகை சுமார் 65 லட்சத்து 60 ஆயிரம். வகுப்பும் அத்தொகுதியைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. எந்தக் கோட்டைக் கொள்வது என்னும் கேள்வி, ஆயிரக்கணக்கான இல்லங்களின் மாத வரவைத் தொடும் கேள்வியாயிற்று.

இரண்டாவது, பிரதிநிதித்துவம். 2011-இல் எல்லை விரிந்தபோது சென்னைக் கார்ப்பரேஷனின் வார்டுகள் 155-இலிருந்து 200 ஆக உயர்ந்தன. ஆனால் பழைய நகரத்திற்கு 107 வார்டுகளும், புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகளும் ஒதுக்கப்பட்டன. அவ்வருஷக் கணக்கை இவற்றிற்குப் பங்கிட்டுப் பார்த்தால், பழைய நகரத்தில் வார்டு ஒன்றுக்குச் சராசரி 43 ஆயிரம் பேரும், புதிய பகுதிகளில் அதில் ஏறத்தாழப் பாதிப்பேருமே வருகின்றனர். வார்டுகள் பின்னர் மீண்டும் வரையறுக்கப்பட்டன. ஒரு கவுன்சிலரிடம் தம் தெருவின் குறையைக் கூறக் காத்து நிற்போர் எத்தனை பேர் என்பதும் இவ்வாறு எல்லைக்கோட்டைப் பொறுத்ததே.

மூன்றாவது, ஏழை மக்களின் வாழ்வு. 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி நூறு நாள் வேலை கிராமப்புறக் குடும்பங்களுக்கே உரியதாயிருந்தது. 2011-இல் நகரத்தோடு இணைந்த 25 கிராமப் பஞ்சாயத்துகளின் மக்கள், ஒரே இரவில் நகரவாசிகள் ஆயினர். நகரத்தின் ரஸ்தாவும் குழாய்த் தண்ணீரும் வந்து சேர்வதற்கு முன்பே கிராமத்தார்க்குரிய உரிமை அவர்களை விட்டு நீங்கிற்று. இத்தகைய இணைப்புகளால், நாட்டில் கிராமவாசிகள் குறைந்து நகரவாசிகள் பெருகினர் என்று பட்டியல் கூறும். கலப்பையை விட்டு நகரத்திற்குப் பெயர்ந்தோரும், பெயராமலே பெயர் மாறியோரும் அவ்வெண்ணில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றனர்.

ஆதலின் நகரங்களின் ஜனத்தொகையை ஒப்பிடும் செம்மையான வழியை நம்மவர் ஒவ்வொருவரும் அறிதல் நலம். அது கடினமானதன்று. முதலாவதாக, எண்ணைப் பார்க்குமுன் அதன் பக்கத்தில் உள்ள விஸ்தீரணத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷங்களிலும் விஸ்தீரணம் ஒன்றாயிருந்தால் பெரும்பாலும் ஒப்பிடத் தடையில்லை. வேறாயிருந்தால் நின்று விசாரிக்க வேண்டும்.

இரண்டாவதாக, இரு வருஷங்களுக்கும் ஒரே எல்லையை வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய எல்லையை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கிய பழைய ஊர்கள் எவை எனக் குறித்து, முந்திய கணக்கில் அவ்வூர்களின் ஜனத்தொகையைத் தேடிக் கூட்டலாம். ஜில்லாதோறும் வெளியிடப்படும் ஜனத்தொகைக் கையேடுகளில் ஒவ்வொரு கிராமத்தின் தொகையும் தனித்தனியே அச்சாகியிருக்கின்றது. விளங்குதற்பொருட்டு ஒரு கற்பனைக் கணக்குக் கூறுவோம். ஓர் ஊரில் 50,000 பேரும், அதனைச் சுற்றிய கிராமங்களில் 20,000 பேரும் இருந்தனர். பின்னர் அக்கிராமங்கள் ஊரோடு சேர்ந்தன. பத்தாண்டு கழித்து எடுத்த கணக்கில் ஊரின் தொகை 84,000. ஐம்பதாயிரத்தோடு ஒப்பிட்டால் வளர்ச்சி நூற்றுக்கு 68. எழுபதாயிரத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 20. பின்னதே மெய்யான வளர்ச்சி. பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய கணக்கு இது.

மூன்றாவதாக, புதிய கோடு ஒரு கிராமத்தின் நடுவே சென்று அதனை இரு கூறாக்கியிருக்குமானால், பழைய தொகையைச் சரியாகப் பிரிக்க இயலாது. வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு உத்தேசமாகவே பிரிக்கலாம். அப்படிப் பிரித்ததை உத்தேசம் என்றே குறிப்பிட வேண்டும். வார்டுகளின் இலக்கம் மாறியிருந்தாலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். பழைய நூறாவது வார்டும் புதிய நூறாவது வார்டும் இலக்கத்தால் ஒன்று, இடத்தால் வேறு.

நான்காவதாக, பட்டியலின் அடியில் சிற்றெழுத்தில் உள்ள குறிப்புகளை வாசிக்காமல் விடலாகாது. எல்லை மாற்றத்திற்கேற்ப முந்திய வருஷத் தொகை திருத்தப்பட்டிருந்தால் அங்கேதான் கூறியிருப்பர். ஒரே நகரத்திற்கு ஒரே வருஷத்தில் இரு புத்தகங்கள் இரு எண்களைத் தந்தால், ஒன்றைப் பொய்யென்று தள்ளுமுன் இரண்டும் எந்த எல்லைக்கு உரியவை என்று பார்த்தல் வேண்டும். நகரத் தொகுதியின் எண்களைக் கொள்வோரும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அத்தொகுதியில் அடங்கும் ஊர்களும் கணக்குக்குக் கணக்கு மாறக்கூடியவையே.

கணக்கெடுக்கும் அதிகாரிகள் இச்சங்கடத்தை உணராதவர்கள் அல்லர். எண்ணிக்கொண்டிருக்கும்போதே எல்லை நகர்ந்தால் சிலர் இருமுறை எண்ணப்படுவர், சிலர் விடுபடுவர் என்பதனால், ஒவ்வொரு கணக்குக்கும் முன்னதாக ஒரு தேதியைக் குறித்து, அதன் பின் எல்லைகளை மாற்றலாகாது என்று மாகாணங்களுக்கு அறிவிப்பது வழக்கம். 2011-ஆம் வருஷக் கணக்கிற்கு அத்தேதி 2009 டிசம்பர் 31. இவ்வேற்பாடு ஒரு கணக்கிற்குள் குழப்பம் நேராமல் காக்கின்றது. ஆனால் இரு கணக்குகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நேரும் மாறுதல்களை அது தடுப்பதில்லை. அவற்றைத் தேடியறிவது வாசிப்போர் கடமையாகவே நிற்கின்றது.

இக்கடமை இப்போது நமக்கு மிக அண்மையில் வந்திருக்கின்றது. 2021-இல் நடைபெற வேண்டிய கணக்கு உரிய காலத்தில் நடைபெறவில்லை. 2027 மார்ச்சு 1-ஆம் தேதியைக் குறியாகக் கொண்டு அடுத்த கணக்கு எடுக்கப்படும் என்று 2025 ஜூன் மாதத்தில் அறிவிப்பு வெளியாயிற்று. 2011-க்குப் பின் நம் நாட்டில் எல்லைகள் மிகப் பலவாக மாறியிருக்கின்றன. சென்னை ஜில்லாவின் எல்லையே 2018-இல் கார்ப்பரேஷன் எல்லையோடு பொருந்துமாறு விரிக்கப்பட்டது. 2019-இல் காஞ்சிபுரம் ஜில்லாவினின்று செங்கற்பட்டு ஜில்லா பிரிந்தது. 2021-இல் தாம்பரமும் பல்லாவரமும் அயலிலுள்ள பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்களும் சேர்ந்து தாம்பரம் கார்ப்பரேஷன் ஆயின. 2011-இல் தாம்பரத்தில் இருந்தோர் 1,74,787 பேர். பல்லாவரத்தில் இருந்தோர் 2,15,417 பேர். பெரிய ஊரின் பெயர் சிறிய ஊரின் பெயருக்குள் அடங்கிவிட்டது.

ஆகவே புதிய கணக்கு வெளியாகும் நாளில் என்னென்ன பேசப்படும் என்பதை நாம் இப்பொழுதே ஒருவாறு ஊகிக்கலாம். சென்னையின் புதிய தொகையை 46,46,732 என்ற பழைய தொகையோடு ஒப்பிட்டு, நகரம் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது என்று ஒருவர் அஞ்சுவார். காஞ்சிபுரம் ஜில்லாவின் புதிய தொகையை 39,98,252 என்பதோடு ஒப்பிட்டு, அந்த ஜில்லா பாழாயிற்று என்று மற்றொருவர் இரங்குவார். தாம்பரம் பன்மடங்காயிற்றென்று வேறொருவர் அங்கே மனை விலையை ஏற்றுவார். அதனை நம்பிக் கடன்பட்டு மனை வாங்குவோரும் இருப்பர். நம் குடும்பத்தார் எவரும் அவ்வலையில் விழாதிருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். சென்னைக்கு அடியாகக் கொள்ள வேண்டிய தொகை 46 லட்சம் அன்று. புதிய எல்லைக்குரிய 66 லட்சத்திற்கு மேற்பட்ட தொகையே. காஞ்சிபுரத்தோடு செங்கற்பட்டையும் கூட்டிய பின்னரே பழைய காஞ்சிபுரத்தோடு ஒப்பிடல் தகும்.

நம் அங்கத்தினருட் பலர் தத்தம் ஊரின் வரலாற்றை எழுதும் ஆர்வம் உடையவர். அவர்கட்கு ஒரு விண்ணப்பம். தம் ஊர் எந்த வருஷத்தில் எந்த முனிசிபாலிடியோடு சேர்ந்தது, அதற்குமுன் அதன் எல்லை எதுவரை இருந்தது, எத்தனை வீடுகள் இருந்தன என்பவற்றை ஊர்ப் பெரியோரிடம் கேட்டும், பழைய வரி ரசீது, பத்திரம் முதலியவற்றைப் பார்த்தும் குறித்து வைப்பாராக. சைதாப்பேட்டையும் பாளையங்கோட்டையும் பல்லாவரமும் பட்டியலினின்று மறைந்தாலும் மக்கள் நாவில் நிலைத்திருக்கின்றன. சிற்றூர்களுக்கு அப்பேறு உறுதியன்று. எல்லை மாறிய ஆண்டையும் பழைய எல்லையின் அடையாளங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்தால், பின்வருவோர் அவ்வூரின் மக்களைப் புதிய நகரத்தின் பெருந்தொகையினின்று பிரித்தெடுத்துக் காணக்கூடும். புதிய கணக்கு வெளியாவதற்கு முன்னரே இப்பணியைத் தொடங்குவது உசிதம்.